விறைத்த பிளேடு நீடிக்கும் என்பது பொய்

வாள்வீச்சுப் பயிற்சிக்கூடங்களில் ஒரு பேச்சு சட்டம் போலப் புழங்குகிறது. பிள்ளைக்கு முதல் பிளேடு வாங்கப் போகும் பெற்றோரிடம், "நல்லா கெட்டியா இருக்கான்னு பார்த்து வாங்குங்க, வளையுற பிளேடு மூணு மாசத்துல போயிடும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். கடைக்காரரும் அதையே சொல்கிறார். மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள், பயிற்சியாளர்களிலும் பலர் சொல்கிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இதைச் சற்று நாகரிகமாக வைப்பார்கள்: வளைவும் உழைப்பும் ஒன்றுக்கொன்று எதிரி, ஒன்று வேண்டுமென்றால் மற்றதை விட்டுக்கொடுக்க வேண்டும்.

எந்த வடிவில் சொன்னாலும் இது தவறு. ஆண்டுதோறும் மன்றங்களின் பணத்தைத் தின்கிற தவறு. அதைவிட முக்கியமாக, எதிரே நிற்கும் பிள்ளையின் விலா எலும்பின்மேல் விழுகிற தவறு. பல ஆண்டுகளாக மாணவர்களின் வாள்களைப் பிரித்துக் கோத்து, கம்பி ஒட்டி, நிமிர்த்திக் கொடுத்து வருகிறவன் என்ற முறையில் இதை மறுத்து எழுத வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

குழப்பத்தின் வேர் எளிது. இரண்டு வேறு குணங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, சுலபமாக வளைந்து, விட்டதும் பழைய நிலைக்கு மீள்வது. இன்னொன்று, வளைந்த இடத்திலேயே நின்றுவிடுவது. முதலாவது பிளேடின் வடிவத்தைப் பொறுத்தது: எவ்வளவு தடிமன், எவ்வளவு அகலம், அடியிலிருந்து நுனிவரை எப்படி மெலிகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டாவது எஃகின் தரத்தையும் அது பதப்படுத்தப்பட்ட விதத்தையும் பொறுத்தது. மட்டமான எஃகில் தடியாக ஒரு பிளேடு செய்தால் அது கையில் விறைப்பாகவே இருக்கும். ஆனால் பத்து நல்ல குத்துகளுக்குப் பிறகு வாழைத்தண்டு மாதிரி மடிந்து நிற்கும். உயர்ந்த எஃகில் மெல்லியதாகச் செய்த பிளேடு அரைவட்டமாக வளைந்தாலும் நூல்பிடித்தது போல நிமிர்ந்துகொள்ளும். கடையில் பிளேடைக் கையில் எடுத்து ஒருமுறை அழுத்திப் பார்ப்பவருக்கு முதல் குணம் மட்டுமே தெரியும். இரண்டாவது தெரியாது. தெரிந்ததை வைத்துத் தெரியாததை ஊகிக்கிறார், ஊகம் தலைகீழாகப் போகிறது.

"நல்லா டெம்பர் பண்ணின பிளேடு சார், அதான் இவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்கு" என்று விற்பனையில் ஒரு வாசகம் உண்டு. எஃகை எப்படிப் பதப்படுத்தினாலும் அதன் விறைப்பு கிட்டத்தட்ட மாறுவதில்லை. பள்ளி இயற்பியலில் யங் குணகம் என்று படித்தோமே, அது சாதாரண கார்பன் எஃகுக்கு ஏறத்தாழ 200 ஜிகாபாஸ்கல். வாள்வீச்சில் உயர்தரம் எனப்படும் மாரேஜிங் எஃகுக்கு 190 அளவில். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பதப்படுத்துவதால் மாறுவது, நிரந்தரமாக மடிவதற்குமுன் அந்த எஃகு எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதுதான். ஆகவே ஒரு பிளேடு விறைப்பாக இருக்கிறதென்றால் அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்று: அது தடியாக இருக்கிறது.

தடியாக இருந்தால் நல்லதுதானே, அதிக இரும்பு அதிக நாள் உழைக்காதா? இந்தக் கேள்விதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. பாலத்தின் தூணுக்கு இது சரி. அங்கே சுமை இவ்வளவு என்று வெளியிலிருந்து நிர்ணயமாகிவிடுகிறது. தூண் தடித்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் பங்கு குறையும். வாள் குத்தும்போது நடப்பது வேறு. வாள்வீச்சின் மூன்று ஆயுதங்களில் ஒன்றான ஃபாயிலின் பிளேடு நீளம் 90 செ.மீ. முனை எதிராளியின் மார்பில் போய் நின்றுவிட்டது, ஆனால் பாய்ச்சலின் வேகத்தில் கை இன்னும் 10 செ.மீ. முன்னேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 90 செ.மீ. எஃகு இப்போது 80 செ.மீ. இடைவெளிக்குள் அடங்கியாக வேண்டும். ஒரே சீரான வில்லாக அது வளைந்தால் அந்த வில்லின் ஆரம் ஏறத்தாழ 54 செ.மீ. இந்த ஆரத்தைத் தீர்மானித்தது கை கடந்த தூரம். பிளேடு விறைப்பாக இருந்தால் கையைச் சற்றே தணிக்கலாம். ஆனால் 60 கிலோ உடம்பு பாய்ந்து வருகிறபோது சில கிலோ எதிர்ப்பு அதை நிறுத்திவிடாது. விறைப்பான பிளேடும் வளையத்தான் போகிறது, வளையும் பிளேடும் வளையத்தான் போகிறது, இரண்டும் கிட்டத்தட்ட அதே வில்லாக.

அந்த வில்லுக்குள் எஃகு என்ன பாடுபடுகிறது என்பதைத் தடிமன் தீர்மானிக்கிறது. வளைவின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் நசுங்குகிறது. நடுக்கோட்டிலிருந்து மேற்பரப்பு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு இழுவை கூடும். மேலே சொன்ன வில்லில் 4 மி.மீ. தடிமனுள்ள பிளேடின் மேற்பரப்பில் ஏறத்தாழ 740 மெகாபாஸ்கல் தகைவு எழும். 5 மி.மீ. தடிமன் என்றால் 920. அந்த ஒரு மில்லிமீட்டர் விறைப்பை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகிறது. கையில் எடுப்பவருக்கு "ஆகா, எவ்வளவு உறுதி" என்று தோன்றும். அதே ஒரு மில்லிமீட்டர் ஒவ்வொரு குத்திலும் எஃகின்மேல் விழும் பாரத்தைக் கால்பங்கு கூட்டிவிடுகிறது. உலோகச் சோர்வில் கணக்கு நேர்கோட்டில் போவதில்லை. தகைவு கால்பங்கு கூடினால் ஆயுள் கால்பங்கு குறைவதோடு நிற்காது, பல மடங்கு சரியும். இத்தனைக்கும் பிளேடு ஒரே அடியில் உடைவது அரிது. ஆயிரக்கணக்கான வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒன்று மெல்ல வளர்ந்து, ஒருநாள் சாதாரணக் குத்து ஒன்றில் முறிகிறது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று முறிந்த துண்டைக் கொண்டுவந்து நீட்டுகிற ஒவ்வொரு மாணவனும் இந்தக் கணக்கைத்தான் கையில் ஏந்தி வருகிறான்.

தடிமனுக்கு இடமே இல்லை என்று நான் வாதாடவில்லை. எதிராளியின் பிளேடைத் தடுத்து அடி வாங்கும் அடிப்பகுதியில் நிலைமை வேறு. அங்கே சுமை வெளியிலிருந்து வருகிறது, தடிமன் உதவுகிறது. மெல்லிய நுனியில் ஒரு சிறு வெட்டுக்காயம் விழுந்தால் அது விழுங்கும் பங்கு தடித்த நுனியில் விழுங்குவதைவிட அதிகம் என்பதும் உண்மை. அதனால்தான் நல்ல பிளேடு அடியில் தடித்தும் நுனியை நோக்கிச் சீராக மெலிந்தும் வருகிறது. அந்த மெலிவில்தான் செய்பவரின் கைத்திறன் முழுவதும் இருக்கிறது. வாங்குபவர் கவனிக்க வேண்டியதும் அதைத்தான்.

எவ்வளவு வளைகிறது என்று கேட்கிறோமே தவிர எங்கே வளைகிறது என்று யாரும் கேட்பதில்லை. மேலே சொன்ன கணக்கில் வில் ஒரே சீராக இருந்தது என்று வைத்துக்கொண்டேன். அதே கோண மடிப்பு பிளேடின் முன்பாதிக்குள்ளேயே நிகழ்ந்துவிட்டால்? ஆரம் பாதியாகும், தகைவு இரட்டிக்கும். 740 இருந்த இடத்தில் 1,480. சாதாரண எஃகு அங்கேயே மடிந்து நிற்கும். வளையும் பிளேடு சீக்கிரம் போய்விடும் என்ற பேச்சுக்கு ஏதாவது ஆதாரம் உண்டென்றால் அது இந்த வகைப் பிளேடுகள்தான்: முக்கால் பாகம் கம்பி போல விறைத்து நின்று, கடைசி ஒரு சாணில் மட்டும் துவளுகிறவை. அவை மலிவானவை, சந்தையில் நிறைய. உடைவது அவற்றின் வளைவால் அல்ல. மீதி முக்கால் பாகம் வளைய மறுத்து, தன் வேலையையும் அந்த ஒரு சாணின் தலையில் கட்டிவிடுவதால். விறைப்பு செய்த குற்றத்துக்கு வளைவு தண்டனை வாங்குகிறது.

விதிநூலைப் பார்க்கலாம். சர்வதேச வாள்வீச்சுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.இ. பிளேடின் வளைவை அளக்க ஒரு முறை வைத்திருக்கிறது. முனையிலிருந்து 70 செ.மீ. தள்ளி பிளேடைக் கிடைமட்டமாக இறுக்கிப் பிடிக்க வேண்டும்; முனையிலிருந்து 3 செ.மீ. உள்ளே (சேபரில் 1 செ.மீ. உள்ளே) 200 கிராம் எடையைத் தொங்கவிட வேண்டும். முனை எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஃபாயில் என்றால் 5.5 முதல் 9.5 செ.மீ. வரை இறங்கலாம். எப்பீ 4.5 முதல் 7. சேபர் 4 முதல் 7. எப்பீயின் குறுக்குவெட்டு முக்கோண வடிவில் பள்ளத்தோடு இருப்பதால் அது இயல்பிலேயே ஃபாயிலைவிட விறைப்பு. எண்களிலும் அது தெரிகிறது.

உச்சவரம்பு எதற்கு என்பது எல்லோருக்கும் தெரியும். சாட்டையாகத் துவளும் வாள் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் தொடும், அது ஆட்டத்தைக் கெடுக்கும். ஆனால் கீழ்வரம்பு? மூன்று ஆயுதங்களுக்கும் "குறைந்தது இவ்வளவாவது வளைந்தே தீர வேண்டும்" என்று விதி போட்டிருக்கிறார்கள். விறைப்பு நல்லது, விறைப்பு பாதுகாப்பு, விறைப்பு நீடிக்கும் என்பது உண்மையானால் இந்தக் கீழ்வரம்புக்கு என்ன அவசியம்? பிளேடின் வளைவு எதிராளியின் உடம்புக்காக ஏற்பட்டது என்பதே பதில். குத்தின் வேகத்தைப் பிளேடு வளைந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அது வாங்கிக்கொள்ளாததை விலா எலும்பு வாங்கிக்கொள்ளும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு "கெட்டியான" எப்பீயை வாங்கிக் கொடுக்கும் தகப்பனார், தன் பணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு வேறொருவர் பிள்ளையின் தோளில் நீலம் பாய வைக்கிறார். பிளேடு நம் பையில் இருந்தாலும் அதன் குணத்தை அனுபவிப்பவர் எதிரே நிற்பவர். பிளேடு வாங்கும் பேச்சில் அவர் பெயரே வருவதில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

விறைப்பின் ஆதரவாளர்களிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதைத் தவிர்த்துவிட்டுப் போக நான் விரும்பவில்லை. 2000-ஆம் ஆண்டை ஒட்டி எஃப்.ஐ.இ.யே சேபர் பிளேடுகளை விறைப்பாக்கியது. எஸ்-2000 என்ற முத்திரையோடு வருபவை அவை. உலக அமைப்பே விறைப்பின் பக்கம் வந்துவிட்டதே, இனி என்ன பேச்சு என்கிறார்கள். காரணத்தைப் பார்க்க வேண்டும். சேபரில் வெட்டு உண்டு. பிளேடின் பக்கம் பட்டாலே புள்ளி. 1980-களின் கடைசியில் சேபர் மின்கருவிக்கு மாறியபின், சரியாகத் தடுக்கப்பட்ட வெட்டும் துவண்டு தாண்டி எதிராளியைத் தொட்டு விளக்கை எரியவைத்தது. தடுத்தவருக்கு நியாயம் கிடைக்கவில்லை. அதைச் சரிசெய்ய விறைப்பைக் கூட்டினார்கள். பிளேடு அதிக நாள் உழைக்கட்டும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விறைப்பாக்கிய பிறகும் 4 செ.மீ. வளைந்தே ஆக வேண்டும் என்ற வரம்பு இருக்கிறது. சேபர்காரர்களுக்கு நியாயமான ஒரு முடிவைத் தூக்கிவந்து, முனையால் மட்டுமே குத்துகிற ஃபாயில் பிள்ளைகளின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

அடுத்த வாதம் குறி. விறைப்பான பிளேடு நினைத்த இடத்தில் போய் நிற்கும், வளைகிற பிளேடின் முனை ஆடும் என்கிறார்கள். எப்பீயில் மணிக்கட்டையும் கட்டைவிரலையும் குறிவைத்து நேராகக் குத்தி ஆடுபவர் விறைப்பான பிளேடை விரும்புவதில் தவறில்லை. அது ஆட்டப் பாணியின் தேர்வு, மதிக்கிறேன். ஆனால் அந்தத் தேர்வுக்கு ஆயுள் என்ற முகமூடி போடக் கூடாது. ஃபாயிலில் அந்த வாதமும் அவ்வளவு நிற்பதில்லை. 1950-களின் நடுவில் ஃபாயிலுக்கு மின்முனை வந்தபோது நுனியில் எடை கூடியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் முதுகிலும் தோளிலும் விசிறி இறக்கும் ஃபிளிக். அதைக் கட்டுப்படுத்த 2004-05 வாக்கில், முனை எதிராளிமீது அழுந்தி நிற்க வேண்டிய நேரத்தை 1 முதல் 5 மில்லிவிநாடியிலிருந்து 15 மில்லிவிநாடி அளவுக்கு உயர்த்தினார்கள். அதாவது முனையிலுள்ள 500 கிராம் சுருள்வில்லை அழுத்தினால் மட்டும் போதாது, அழுத்தியபடி தங்கவும் வேண்டும். இரும்புக்கம்பி போல் போய் மோதித் தெறிக்கும் பிளேடைவிட, மோதி வளைந்து முனையை அங்கேயே ஊன்றி வைக்கும் பிளேடுக்குத்தான் இந்த விதியில் விளக்கு எரியும். ஃபிளிக் ஆடுகிறவனுக்குத்தான் வளைவு வேண்டும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருபது ஆண்டு பின்தங்கி நிற்கிறார்கள்.

இனி மாரேஜிங் எஃகு. இதில் எதிர்த் தரப்பில் மட்டுமல்ல, என் பக்கம் நிற்பவர்களிடமும் ஒரு கட்டுக்கதை இருக்கிறது, அதையும் மறுத்தாக வேண்டும்.

1982 ஜூலையில் ரோம் நகரில் உலகப் போட்டி நடந்தது. சோவியத் ஒன்றியத்தின் விளாதிமிர் ஸ்மிர்னோவ், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயில் தங்கம் வென்றவர், மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பேருடன் மோதினார். பேரின் பிளேடு முறிந்தது. முறிந்த அடித்துண்டு முகக்கவசத்தின் வலையைத் துளைத்து, கண்குழி வழியாக மூளைவரை சென்றது. சில நாட்களில் ஸ்மிர்னோவ் இறந்தார். அவருக்கு வயது 28. பேர் செய்த குற்றம் ஏதுமில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள், எஃகு ஒன்று முறிந்தது, அவ்வளவுதான். இன்று நாம் அணியும் கனத்த வலை முகக்கவசம், 1,600 நியூட்டன் தாங்கும் கழுத்துத் துணி, 800 நியூட்டன் தாங்கும் மேலாடை எல்லாம் அந்த மரணத்துக்குப் பிறகு படிப்படியாக வந்த மாற்றங்கள். சர்வதேசப் போட்டிகளில் ஃபாயிலுக்கும் எப்பீக்கும் மாரேஜிங் பிளேடு கட்டாயமானதும் அந்த வரிசையில்தான்.

மாரேஜிங்கில் கார்பன் மிகக் குறைவு. ஏறத்தாழ 18 சதவீதம் நிக்கல், அதோடு கோபால்ட், மாலிப்டினம், கொஞ்சம் டைட்டானியம். 480 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் வைத்து முதிரவிடுவதால் உள்ளே நுண்ணிய படிகங்கள் உருவாகி வலுவேறுகிறது. நிரந்தரமாக மடிவதற்குமுன் 1,700 முதல் 2,000 மெகாபாஸ்கல் வரை தாங்கும் வகைகள் உண்டு. வெடிப்பு விழுந்தாலும் கார்பன் எஃகைவிட மிக மெதுவாகவே பரவும். இதுதான் இதன் பெருமை. ஆனால் கூடங்களில் சொல்வது வேறு: மாரேஜிங் உடைந்தால் கத்தரித்தது போல் மொட்டையாக உடையும், கூர்முனை விடாது, அதனால் பயமில்லை என்கிறார்கள். சோதித்துப் பார்த்ததில் அப்படி இல்லை. அதுவும் கார்பன் பிளேடைப் போலவே தாறுமாறாகத்தான் உடைகிறது. அதன் நன்மை அரிதாக உடைவதில் இருக்கிறது, உடைந்த முகத்தின் வடிவில் இல்லை. இந்தக் கதையை நம்பித் துருவேறிய, நான்கு முறை நிமிர்த்திய மாரேஜிங் பிளேடோடு கவலையில்லாமல் ஆடுபவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

விலை இரண்டு மூன்று மடங்கு என்பதால் மாரேஜிங் பணக்காரர்களுக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் ஆடும் வளர்ந்த மாணவருக்கு அதுவே சிக்கனம் என்பது என் உறுதியான கருத்து. தொடங்கும் சிறு பிள்ளைக்கு அது அவசியமில்லை. பிள்ளையின் பாய்ச்சலில் எடையும் குறைவு, பிளேடும் குட்டை, நல்ல கார்பன் எஃகு போதும். ஆனால் அந்தக் கார்பன் பிளேடும் சீராக வளைய வேண்டும். எஃகின் வகையில் பணத்துக்கேற்ப இறங்கி வரலாம், வளைவில் இறங்கி வரக் கூடாது.

பிளேடுகள் சீக்கிரம் போவதற்கு உண்மையான காரணங்கள் கடையில் இல்லை, நம் கூடத்தில் இருக்கின்றன. முதல் காரணம் தூரம். எதிராளியை ஒட்டிப் போய்க் கையை நீட்டியபடி மோதுகிறவன் பத்து சென்டிமீட்டர் வில்லை முப்பதாக்குகிறான். தூரம் கற்றுக்கொடுக்காத பயிற்சியாளர் பிளேடின் தரத்தைப் பழிப்பதில் அர்த்தமில்லை. அடுத்தது திசை. ஃபாயிலிலும் எப்பீயிலும் ஒரு செ.மீ.க்கு உட்பட்ட இயல்பான சாய்வு பிளேடின் நடுப்பகுதியில் செங்குத்துத் தளத்தில் இருக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. அந்த மெல்லிய சாய்வு இருந்தால் குத்தும்போது பிளேடு எப்போதும் ஒரே பக்கமாக, மேல்நோக்கி வளையும். இன்று மேலே, நாளை கீழே என்று மாறி மாறி வளைத்தால் எஃகு வெகு விரைவில் சோர்ந்துபோகும். ஒரு கம்பியை உடைக்க நாம் செய்வது அதைத்தானே. கையில் வாளைத் திருப்பித் திருப்பிப் பிடிக்கும் மாணவன் தன் பிளேடை அப்படித்தான் உடைத்துக்கொண்டிருக்கிறான்.

நிமிர்த்துவது ஒரு கலை. மடிப்பு லேசாக இருக்கும்போதே, பிளேடைத் தரையில் வைத்துக் காலணியின் அடியில் மெதுவாக அழுத்தி, தாழ்ந்த கோணத்தில் இழுத்தெடுக்க வேண்டும். மடிப்பு நீளமாகப் பரவி மறைய வேண்டும். முழங்காலில் வைத்து ஒரே புள்ளியில் எதிர்ப்பக்கம் மடிப்பவர்கள் அந்த இடத்தில் முறிவை விதைக்கிறார்கள். ஒரே இடம் திரும்பத் திரும்ப மடிகிறதென்றால் அந்தப் பிளேடின் கதை முடிந்தது, எடுத்து வைத்துவிட வேண்டும். பிளேடோடு பிளேடு மோதி விழும் சிறு வெட்டுகளை வாரம் ஒருமுறை விரலால் தடவித் தேடி, மெல்லிய அரத்தாலும் உப்புத்தாளாலும் நீளவாக்கில் தேய்த்து மழுக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் நாமே வெடிப்புக்குக் கோடு போட்டுக் கொடுக்கிறோம். கம்பி மாற்றும்போது பழைய பசையை எடுக்கத் தீச்சுடரைக் காட்டும் பழக்கம் எங்கும் உண்டு. எந்த எஃகானாலும் அந்த இடத்தில் அதன் பதம் கெட்டுவிடும். அசிட்டோனில் ஊறவைத்தால் பசை தானே இளகும், ஒரு நாள் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

துருவைப் பற்றிச் சென்னைக்காரர்களிடம் அதிகம் சொல்லவேண்டியதில்லை. கடற்காற்று ஒரு பக்கம், வியர்வையில் நனைந்த மேலாடையோடு வாளைச் சேர்த்துப் பையில் திணிப்பது இன்னொரு பக்கம். மாரேஜிங் துருப்பிடிக்காத எஃகு அல்ல, அதுவும் துருப்பிடிக்கும். துருக் குழி ஒவ்வொன்றும் வெடிப்பு தொடங்கத் தயாரான ஒரு வாசல். உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, தனி உறையில் வைக்க இரண்டு நிமிடம் ஆகாது.

நம் ஊரில் இந்த விளையாட்டு வளர்ந்துவிட்டது. சென்னையின் பவானி தேவி மூங்கில் குச்சிகளைக் கொண்டு பயிற்சி செய்த தொடக்க நாட்களைப் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சேபரில் களமிறங்கி, ஒலிம்பிக் வாள்வீச்சில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். பள்ளிப் பிள்ளைகள் இந்த விளையாட்டைத் தேடி வருகிறார்கள். அவர்கள் கையில் நாம் கொடுப்பது என்ன? மொத்தமாக வாங்கும்போது "பிளேடு, ஐந்தாம் அளவு, இத்தனை எண்ணம், குறைந்த விலை" என்று எழுதிவிட்டு, வந்தவுடன் ஒன்றைக் கையால் அசைத்துப் பார்த்து "கெட்டியா இருக்கு" என்று ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தக் கெட்டித்தனத்துக்காகத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டிய சரக்கு அது.

கொள்முதல் குறிப்பில் வளைவு எண்ணை எழுதுங்கள். ஃபாயில் என்றால் 6 முதல் 8 செ.மீ. என்று கேளுங்கள், விதியின் இரு ஓரங்களையும் தவிர்த்த நடுப்பகுதி, வளரும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் அதுவே பொருத்தம். சோதிக்க ஆய்வகம் வேண்டாம். மேசையில் பொருத்திய இறுக்கி ஒன்று, 200 கிராம் எடைக்கல், கொஞ்சம் நூல், அளவுகோல் போதும். வந்த பெட்டியிலிருந்து ஒவ்வொரு பிளேடையும் 70 செ.மீ. குறியில் இறுக்குங்கள், எடையைத் தொங்கவிடுங்கள், முனை இறங்குவதை அளங்கள். பிறகு முனையைச் சுவரில் ஒரு ரப்பர்த் துண்டின்மேல் ஊன்றி மெல்ல அழுத்தி, பக்கவாட்டில் நின்று வில்லைப் பாருங்கள். வளைவு நுனியில் மட்டும் ஒடுங்கினாலோ நடுவில் ஒரு கோணம் தெரிந்தாலோ எண் சரியாக இருந்தும் பயனில்லை. ஃபாயிலில் 5.5 செ.மீ.கூட இறங்காத பிளேடைப் பெட்டியிலேயே திரும்ப வைத்து, அளந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி, விற்றவருக்கே அனுப்புங்கள்.